தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் கிளாசிக் படங்களைப் பார்த்து முடிப்பது எப்படி: பதிப்பு, சப்டைட்டில், நேரம்

"கட்டாயம் பார்க்கணும்" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் படங்கள் பலரிடமும் உண்டு. ஒருநாள் துணிந்து ஆரம்பித்து, நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். கேட்டால் "ரொம்ப ஸ்லோ", "ஒட்டவே இல்லை" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கதை வெளியே வரும். பார்த்தது ஒரு மணி நேரம் வெட்டப்பட்ட பிரதியாக இருக்கும். சப்டைட்டில் பேச்சுக்கு மூன்று விநாடி பின்னால் ஓடியிருக்கும். மூன்றரை மணி நேரப் படத்தை இரவு பத்தரைக்குப் போட்டிருப்பார்கள். பழி மட்டும் படத்தின் தலையில் விழும்.

இந்தக் கோளாறுகள் எல்லாமே முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை. அதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் படம் பார்க்கும் நாளில் இருக்கக் கூடாது. தேடலும் படமும் ஒரே மாலையில் வந்தால் தேடலிலேயே மாலை தீர்ந்துவிடும். கீழே உள்ள 1 முதல் 6 வரையிலான படிகளை வேறொரு நாளில் முடித்துவிடுங்கள். படம் பார்க்கும் நாளில் ரிமோட்டை எடுத்து அழுத்துவது மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.

1. பட்டியலைப் பத்துக்குள் கொண்டுவாருங்கள், நீளத்தை வைத்து அடுக்குங்கள்

நூறு படப் பட்டியலை யாரும் முடிப்பதில்லை. பத்துப் படங்களை மட்டும் எடுத்து, ஓடும் நேரப்படி சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, சிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வருகிறது. அந்தப் பட்டியலை எடுத்து முதலிடத்திலிருந்து தொடங்குகிறார்கள். 2022-இல் முதலிடம் பிடித்தது ஷாந்தால் அக்கர்மானின் 'ஜான் டீல்மான்' (1975). ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலைகளை 201 நிமிடம் காட்டும் படம் அது. மகத்தான படம்தான், ஆனால் முதல் படியாக வைக்கக் கூடாது. வாக்கெடுப்பில் கிடைத்த இடத்துக்கும் நீங்கள் பார்க்க வேண்டிய வரிசைக்கும் சம்பந்தம் இல்லை.

ஆரம்பத்துக்கு ஒன்றரை மணி நேரத்தைச் சுற்றியுள்ள படங்கள் சரியாக அமையும்: 'சிட்டி லைட்ஸ்' (1931, 87 நிமிடம்), 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948, 89 நிமிடம்), 'ராஷோமோன்' (1950, 88 நிமிடம்), '12 ஆங்ரி மென்' (1957, 96 நிமிடம்). 'ராஷோமோன்' பார்த்த கையோடு, பாடலே இல்லாமல் எடுக்கப்பட்ட தமிழ்ப் படமான 'அந்த நாள்' (1954) பாருங்கள். ஒரே சாவைப் பலர் பல விதமாகச் சொல்லும் அமைப்பு இரண்டிலும் உண்டு. ஒன்றைப் பார்த்த சூட்டில் மற்றது எளிதாக உள்ளே இறங்கும்.

இப்படி மூன்று சிறிய படங்களுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியவை: 'பதேர் பாஞ்சாலி' (1955), 'டோக்கியோ ஸ்டோரி' (1953, 136 நிமிடம்). மூன்று மணி நேரப் படங்கள் அதற்கும் பின்னால்.

2. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்

தாளோ, போனில் உள்ள குறிப்போ, எதுவானாலும் சரி. ஆறு விவரங்கள் வேண்டும். 'செவன் சாமுராய்' படத்துக்கு இப்படி:

ஆண்டு, மொழி: 1954, ஜப்பானிய மொழி
முழு நீளம்: 207 நிமிடம், நடுவில் இடைவேளை உண்டு
நிறம், சட்டத்தின் (ஃப்ரேம்) வடிவம்: கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய சதுரம் (1.37:1)
எந்தப் பதிப்பு: முழுப் பதிப்பு, வெளிநாட்டுக்காகச் சுருக்கியது வேண்டாம்
எங்கே கிடைக்கிறது, எந்தத் தேதி வரை:
சப்டைட்டில்: சரிபார்த்தேன் / இல்லை

கடைசி இரண்டையும் நீங்களே நிரப்ப வேண்டும். மற்ற நான்கையும் நிரப்பப் பத்து நிமிடம் ஆகாது. அட்டையில் முக்கியமானது நீளம். பின்னால் வரும் பாதிப் பரிசோதனைகள் அந்த ஒரு எண்ணை நம்பியே நடக்கின்றன.

கதைச் சுருக்கத்தையும் விமர்சனத்தையும் இப்போது படிக்காதீர்கள். பழைய படங்களைப் பற்றி எழுதுபவர்கள் முடிவை மறைப்பதே இல்லை, எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்றே எழுதுகிறார்கள்.

3. சரியான பதிப்பைக் கண்டுபிடியுங்கள்

அதிக கவனம் வேண்டிய படி இதுதான். ஒரே தலைப்பில் நான்கைந்து விதமான படங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் சோதனை நீளம். அட்டையில் உள்ள நிமிடத்தையும் கையில் உள்ள பிரதியின் நிமிடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு, மூன்று நிமிட வித்தியாசம் பொருட்டல்ல. இருபது நிமிடம் குறைந்தால் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு. சரியாக 4 சதவீதம் குறைந்திருந்தால் வெட்டு எதுவும் இருக்காது. ஐரோப்பாவில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காகத் தயாரான பழைய டிவிடிகளில், விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டிப் பதிந்திருப்பார்கள். 207 நிமிடப் படம் அதில் 199 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காட்சி எல்லாம் இருக்கும். குரலும் இசையும் ஒரு பொடி உயர்ந்து கேட்கலாம். வேறு பிரதி கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் தயங்காமல் பாருங்கள்.

அடிக்கடி குழப்பும் படங்கள் சில:

'மெட்ரோபோலிஸ்' (1927) வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டப்பட்டது. காணாமல் போன பகுதிகளில் பெரும்பாலானவை 2008-இல் புவெனஸ் அயர்ஸில் கிடைத்த ஒரு 16 மி.மீ. பிரதியில் இருந்தன. அவற்றைச் சேர்த்து 2010-இல் வந்த, இரண்டரை மணி நேரத்தை ஒட்டிய பதிப்பைத் தேடுங்கள். நடுநடுவே கீறலும் மங்கலுமாகத் தெரியும் துண்டுகள் அந்தப் பிரதியிலிருந்து வந்தவை. 80 நிமிடம் சொச்சம் ஓடி, பாப் பாடல்கள் ஒலித்தால் அது 1984 பதிப்பு.

'பிளேடு ரன்னர்' படத்தின் 1982 திரையரங்குப் பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரலும் வேறு முடிவும் உண்டு. இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுப் பொறுப்பெடுத்து முடித்தது 2007-இன் 'ஃபைனல் கட்', 117 நிமிடம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

'அபோகலிப்ஸ் நவ்' 1979-இல் வந்தது இரண்டரை மணி நேரம். 2001-இன் 'ரிடக்ஸ்' மூன்றே கால் மணி நேரத்தையும் தாண்டும். 2019-இன் 'ஃபைனல் கட்' மூன்று மணி நேரம். முதலில் 1979 பதிப்பைப் பாருங்கள். நீளமானதை முதலில் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்களின் தோட்டத்தில் நடக்கும் நீண்ட பகுதியில் வேகம் தடைபடுகிறது.

'தி லெப்பர்ட்' (1963) மூன்று மணி நேரத்தைத் தாண்டும் இத்தாலியப் பதிப்பாக இருக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் பதிப்பு ஏறத்தாழ 25 நிமிடம் குறைவு.

'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் ஆய்வகத் தீவிபத்தில் சிக்கியது. மிஞ்சியதைப் பொறுமையாகச் செப்பனிட்டு 2015-இல் 4கே பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பிரதிகளில் ஒலி இரைச்சலும் வெளிறிய படமுமாகவே பார்த்திருப்பீர்கள். வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, துர்காவும் அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியைப் பாருங்கள். நல்ல பிரதியில் வெள்ளை நாணல் பூக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். மோசமான பிரதியில் அந்த இடம் முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு.

மௌனப் படங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு: என்ன வேகத்தில் ஓடுகிறது? அந்தக் காலத்தில் வேகம் ஒரே அளவில் நிலைத்திருக்கவில்லை. டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) விநாடிக்கு 20 சட்டம் என்றால் 97 நிமிடம், 24 சட்டம் என்றால் 81 நிமிடம். இரண்டும் முழுப் படமே. மனிதர்கள் பொம்மை மாதிரி துள்ளி நடந்தால் வேகம் கூடிப்போன பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே கிடைக்கும், செலவை எப்படிக் குறைப்பது

வரிசை இப்படி இருக்கட்டும்: ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் ஓடிடி, பிறகு உரிமையாளரே இலவசமாகத் தருவது, பிறகு நூலகம், பிறகு ஒற்றைப் பட வாடகை, கடைசியாக வட்டு. பலர் கடைசியிலிருந்து ஆரம்பித்துப் பணத்தை விடுகிறார்கள்.

ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் நிறுவனம் தன் பழைய படங்கள் பலவற்றைத் தன் யூடியூப் பக்கத்தில் சப்டைட்டிலோடு வைத்திருக்கிறது. கனடாவின் தேசிய திரைப்பட வாரியமும் தன் இணையதளத்தில் ஏராளமான படங்களை இலவசமாகக் காட்டுகிறது.

காப்புரிமை முடிந்த படங்களில் எச்சரிக்கை தேவை. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் மட்டமான பிரதிகளே மேலே வந்து நிற்கும். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் பிரதிகளில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போனதால், அமெரிக்காவில் அது தொடக்கத்திலேயே பொதுச்சொத்தாகிவிட்டது. கறுப்பும் சாம்பலுமாகக் கலங்கிய எத்தனையோ பிரதிகள் உண்டு. மூல நெகட்டிவிலிருந்து எடுத்த 4கே பதிப்பும் உண்டு. இரண்டிலும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு கெடுக்களைக் கவனியுங்கள். பெரும்பாலான தளங்களில் ஆரம்பிக்க 30 நாள், ஆரம்பித்த பின் முடிக்க 48 மணி நேரம். "சப்டைட்டில் வருதா பார்ப்போம்" என்று செவ்வாய்க்கிழமை ஒரு தடவை அழுத்தினால், சனிக்கிழமை மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். வாடகைப் படத்துக்கு மட்டும் சோதனையைப் படம் பார்க்கும் நாளிலேயே, ஒரு மணி நேரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச மாதச் சந்தாவை, மூன்று படங்களுக்காவது தேதி குறித்த பிறகே தொடங்குங்கள். ரத்து செய்ய வேண்டிய நாளையும் அப்போதே நாட்காட்டியில் போடுங்கள். படங்கள் பெரும்பாலும் மாதக் கடைசியில் தளத்திலிருந்து எடுக்கப்படும். அட்டையில் "எந்தத் தேதி வரை" என்று ஒரு வரி இருப்பது இதற்காகத்தான்.

ப்ளூரே வாங்கினால் உறையில் ஏ, பி, சி என்ற மண்டல எழுத்தைப் பாருங்கள். உங்கள் பிளேயரின் மண்டலத்தோடு பொருந்தாவிட்டால் வட்டு ஓடாது. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை, ஆனால் அதே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூரேவுக்கு இருக்கலாம்.

5. சப்டைட்டிலை முன்கூட்டியே சோதியுங்கள்

படத்தின் ஐந்தாவது நிமிடம், நடு, கடைசிப் பத்து நிமிடம் என மூன்று இடங்களில் பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகிறதா பாருங்கள். கடைசி இடத்தில் முடிவு தெரிந்துவிடாமலிருக்கத் திரையின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு, எழுத்து பேச்சோடு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சப்டைட்டில் தனிக் கோப்பாக (எஸ்ஆர்டி) இருந்தால் நோய் மூன்று விதமாக வரும்.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு தள்ளிப்போகிறது: எளிதில் தீரும். விஎல்சி பிளேயரில் எச் விசை சப்டைட்டிலைத் தாமதப்படுத்தும், ஜி விசை முன்னால் இழுக்கும். ஒரு தட்டலுக்கு 50 மில்லி விநாடி. ஒரு விநாடிப் பிசகுக்கு இருபது தட்டல்.

முதலில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறது: மேலே சொன்ன 24, 25 சட்டச் சிக்கல்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் போல விலகும். விசையைத் தட்டிச் சரிசெய்ய முயன்றால் படம் முழுக்க தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதே வேகத்துக்கு எழுதப்பட்ட வேறு கோப்பை எடுங்கள்.

நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று தாவுகிறது: சப்டைட்டில் வேறு பதிப்புக்கானது, அல்லது உங்கள் பிரதியில் அந்த இடத்தில் ஒரு காட்சி இல்லை. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் நீளத்தை மறுபடி பாருங்கள்.

எழுத்துகள் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளை எழுத்து வானத்திலும் வெள்ளைச் சட்டையிலும் கரைந்துபோகும். மஞ்சள் நிறம் வையுங்கள், அல்லது எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடுங்கள். இந்தச் சின்ன மாற்றம் செய்தாலே கண் களைப்பு நன்றாகவே குறையும்.

டப்பிங் குரலில் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூலக் குரலோடு பாருங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அக்காலத்து இத்தாலியப் படங்களில் குரலைப் படப்பிடிப்புக்குப் பிறகு பதிவதே வழக்கம். மூல இத்தாலிய ஒலியிலும் உதடு சரியாகப் பொருந்தாது. அது உங்கள் பிரதியின் கோளாறு இல்லை.

6. டிவியைத் தயார் செய்யுங்கள்

முதலில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று இருக்கும். டிவி தானாக உருவாக்கும் இடைச்சட்டங்கள் பழைய படத்தை டிவி சீரியல் போல ஆக்கிவிடும். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலான வேலையை அதுவே செய்துவிடும். இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி'.

அடுத்தது சட்ட அளவு. 1950-களின் தொடக்கம் வரை வந்த படங்கள் கிட்டத்தட்ட 4:3. இன்றைய டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. அகலத்துக்கு இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போகும். 'ஜூம்' போட்டு நிரப்பினால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் கேமரா தரையை ஒட்டி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே நிற்கிறது. மேலும் கீழும் அவர் விட்டிருக்கும் இடத்தில்தான் அந்த வீடே இருக்கிறது. ஜூம் செய்தால் வீடு போய் முகங்கள் மட்டும் மிஞ்சும்.

'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வேண்டாம். ஃபிலிமின் பொடிமணல் போன்ற துகள் அழுக்கல்ல. அதை நீக்கினால் தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும். பழைய ஒலி ஒற்றைத் தடத்தில் இருக்கும், சவுண்ட்பாரின் செயற்கை 'சரவுண்ட்' வசதியை நிறுத்துங்கள். வசனம் தெளியும்.

7. நாளும் நேரமும் குறியுங்கள்

"இந்த வாரக் கடைசியில்" என்பது தேதி ஆகாது. கணக்கு இது: தூங்கும் நேரத்திலிருந்து படத்தின் நீளத்தையும் கூடுதலாக அரை மணி நேரத்தையும் கழியுங்கள். இரவு 11 மணிக்குத் தூங்குபவர் 207 நிமிடப் படத்தை மாலை 7 மணிக்குத் தொடங்கியாக வேண்டும். எட்டரை ஆகிவிட்டால் அன்று அந்தப் படம் வேண்டாம், பட்டியலில் உள்ள 90 நிமிடப் படத்தைப் போடுங்கள். இதற்காகவே ஒரு சிறிய படத்தை எப்போதும் தயாராக, சோதித்து, வைத்திருங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று போதுமான வேகம். நான்கு பேர் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் படத்தை முன்பே சொல்லிவிடுங்கள், அன்று மாலை வாக்கெடுப்பு வைத்தால் எதுவும் நடக்காது.

8. படம் ஓடும்போது: எது கோளாறு, எது படம்

நிறுத்திவிட்டு ரிமோட்டைத் தட்டிப் பார்க்க வைக்கும் இடங்கள் சில உண்டு. முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் இல்லை.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962), '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) இரண்டும் முழுப் பதிப்பில் இருண்ட திரையும் இசையுமாகச் சில நிமிடங்கள் போகும். திரையரங்கில் மக்கள் வந்து அமரும் நேரத்துக்கான இசை அது. '2001'-இல் முதல் வசனம் வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும், ஒலி போய்விட்டதோ என்று நினைக்காதீர்கள். தர்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) பழுப்பு நிறத்தில் ஆரம்பித்து, கதையின் மூன்று பேரும் 'மண்டலம்' என்ற தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போன பிறகே வண்ணத்துக்கு மாறும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். 'ஜான் டீல்மான்' படத்தில் அவளுடைய அன்றாட வீட்டு வேலைகளை முதலில் பொறுமையாக, நீளமாகக் காட்டுகிறார்கள். அந்த ஒழுங்கு உங்கள் உடம்பில் பதிந்தால்தான், இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோனதும் அவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் அலைவது உங்களையும் பதறவைக்கும். வேகமாக ஓட்டினால் அது வெறும் கிழங்கு.

போனை அடுத்த அறையில் வையுங்கள். சப்டைட்டில் படத்தில் பத்து விநாடி கண்ணை எடுத்தால் மூன்று வசனம் போய்விடும்.

9. பாதியில் நிறுத்த வேண்டிவந்தால்

இயக்குநர் விட்ட இடைவேளையில் நிறுத்துவது சிறந்தது. 'செவன் சாமுராய்', 'லாரன்ஸ்' ஆகியவற்றில் அது படத்திலேயே வருகிறது. 'ஸ்டாக்கர்' இரண்டு பகுதியாகவே இருக்கிறது. இடைவேளை இல்லாத படங்களில் இடமோ பொழுதோ மாறும் காட்சியில் நிறுத்தி, நிமிடத்தை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளே தொடருங்கள், ஐந்து நிமிடம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். ஒரு வாரம் கடந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும் 'ஷோவா' (1985) போன்றவற்றை ஆரம்பத்திலேயே மூன்று, நான்கு நாட்களுக்குப் பிரித்து எழுதிவிடுங்கள்.

நல்ல பிரதி, சரியான சப்டைட்டில், போதிய நேரம் மூன்றும் இருந்தும் ஒரு மணி நேரம் கழிந்து ஒட்டவில்லை என்றால் நிறுத்துங்கள். அட்டையில் தேதியும் நிமிடமும் போட்டு, பத்தின் கடைசிக்கு நகர்த்துங்கள். முடித்த படமோ நகர்த்திய படமோ, அன்றிரவே அடுத்த அட்டையை எடுத்து நாட்காட்டியில் தேதி எழுதுங்கள். அந்தப் படம் தளத்தில் இன்னும் இருக்கிறதா என்றும் அப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.